நீலகிரிப் பள்ளி மாணவர்களுக்குக் கவிதைப் போட்டி நடத்துவது எப்படி?

நீலகிரி மாவட்டத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கவிதைப் போட்டி நடத்த முன்வரும் வாசகர் வட்டங்களும் தமிழ் மன்றங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் பெரும்பாலும் மண்டபம், சிறப்பு விருந்தினர், கேடயம் என்ற வரிசையில்தான் திட்டமிடத் தொடங்குகின்றன. தலைப்பு என்ன என்பது கடைசி வாரத்தில், யாரோ ஒருவர் வாயில் வந்த சொல்லாக, ‘இயற்கை அன்னை’ என்றோ ‘மலைகளின் அரசி’ என்றோ முடிவாகிவிடுகிறது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ளுமாறு கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. பிள்ளை தான் கண்டதைத் தன் சொல்லில் எழுத வழி செய்வதுதான் போட்டியின் வேலை என்று ஒப்புக்கொண்டால், முதலில் தீர வேண்டியவை தலைப்பும் எழுதும் இடமும் படித்துத் தேர்பவர்கள் யார் என்பதும்தான். மண்டபம் கடைசியில் கிடைத்தாலும் போதும். பள்ளி வளாகத்து மரத்தடி கிடைத்தாலும் போதும்.

எங்கே, எப்போது எழுத வைப்பது

மாவட்டம் முழுவதிலுமிருந்து மாணவர்களை உதகைக்கு வரவழைத்து ஒரே கூடத்தில் எழுத வைப்பது நடத்துபவர்களுக்கு எளிது. எழுதுபவர்களுக்கு அது எளிதன்று. கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; பந்தலூர் அதற்கும் அப்பால் இருக்கிறது. நடுவட்டம் வழியாக வளைந்து ஏறும் பேருந்தில் வயிறு கலங்கி வந்திறங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் அரை மணி நேரத்தில் கவிதை கேட்பது நியாயமாகாது. இதைவிடப் பெரிய இழப்பு, வராமலே போகிறவர்களால் நேர்வது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் உள்ளடங்கிய ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும் வரவேண்டிய பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், மாலையில் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்ற கேள்வியிலேயே வீட்டில் நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள். அதனால் நகரத்துப் பள்ளிகளின் போட்டியாகச் சுருங்கிவிட்ட ஒன்றுக்கு ‘மாவட்ட அளவிலான போட்டி’ என்று பெயர் வைக்க நேர்கிறது.

ஆகவே எழுதுவது அவரவர் பள்ளியிலேயே, ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்கட்டும். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்களுக்கும் ஆளுக்கு ஒரு பொறுப்பாளரை அமர்த்தி, அவர் வழியாக ஒட்டி முத்திரையிட்ட தலைப்பு உறையைத் தலைமை ஆசிரியரிடம் முந்தைய நாள் சேர்த்துவிட வேண்டும். குறித்த மணிக்கு மாணவர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட வேண்டும். எழுதி முடித்த தாள்களை அப்போதே வேறோர் உறையில் இட்டு ஒட்டி, உறையின் மேல் தாள்களின் எண்ணிக்கையை எழுதி, இரண்டு மாணவர்களிடம் கையொப்பம் வாங்கிவிட்டால் பின்னால் எந்தப் பேச்சும் எழாது. அரசுப் பள்ளிகளில் இதை நடத்த முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தை இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் அனுமதி கிடைத்த பிறகுதான் பள்ளிகள் உங்களோடு பேசவே தொடங்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் மலைக்குத் தனிக் கணக்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளை விடாது நனைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவைக் கொண்டுவரும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பாரதியார் பிறந்த நாளான டிசம்பர் 11 பொருத்தமாகத் தோன்றினாலும் தேர்வு நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா சீசன் நெரிசல். எஞ்சுவது ஜனவரி, பொங்கல் விடுமுறைக்குப் பிந்தைய வாரம் வானம் தெளிந்திருக்கும், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கும் பொதுத்தேர்வு நெருக்கடி முற்றியிருக்காது. அந்த மாதத்தில் உறைபனி உண்டு என்பதால் காலை முதல் பாடவேளையில் வைக்காமல் 11 மணிக்கு மேல் வைத்தால் விரல் விறைக்காமல் எழுத முடியும்.

எந்த மாதமானாலும் மாற்று நாள் ஒன்றைச் சுற்றறிக்கையிலேயே அச்சிட்டுவிட வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கனமழைக்கு இரண்டு வட்டங்களுக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை அறிவித்து, மற்ற நான்கிலும் போட்டி நடந்துவிட்டால், தலைப்பு அன்று மாலைக்குள் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்விடும். ஆகையால் மாற்று நாளுக்கு வேறு தலைப்புகளை முன்கூட்டியே அமைத்துத் தனி உறையில் வைத்திருக்க வேண்டும். அவையும் முதல் தொகுதிக்கு ஈடான கடினத்தில் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் முறை முன்பு நன்றாகவே பயன்பட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தலைப்பைச் சொன்னால் அரை நிமிடத்தில் பன்னிரண்டு வரி வந்துவிடுகிறது. அதற்கு முன்பும் அண்ணனோ அத்தையோ எழுதிக் கொடுத்ததுண்டு. நேரில் எழுத வைத்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பிள்ளையை விசாரிக்கும் அவமானமும் நேராது.

தலைப்பு

போட்டியின் தரம் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. ‘மலைகளின் அரசி’ என்று தலைப்புக் கொடுத்தால் நூறு தாளிலும் பச்சைக் கம்பளம் விரிந்திருக்கும், முகில் முகட்டை முத்தமிட்டிருக்கும், அருவி வெள்ளியை உருக்கி ஊற்றியிருக்கும். இவை சுற்றுலாப் பயணியின் கண்ணுக்குத் தெரிபவை. சுற்றுலாக் கையேட்டின் சொற்கள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுதும்போது, நான்கு நாள் விடுமுறைக்கு வந்தவரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் இங்கே நடக்கும் கவிதைப் போட்டிகளில் என்னை மிகவும் வருத்துவது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை; தலைப்பு அதைத்தான் கேட்டது.

கேத்திப் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளைக்குக் கேரட் கழுவும் இடத்தில் விடியற்காலையில் என்ன சத்தம் கேட்கும் என்று தெரியும். கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைக்கு எந்த வளைவில் காட்டெருமை நிற்கும், அது தலையைத் தாழ்த்தினால் எத்தனை அடி பின்வாங்க வேண்டும் என்று தெரியும். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவின் விரல் நுனி எந்த நிறத்தில் இருக்கும், அட்டை ஏறினால் உப்பை எங்கே தேடுவது, தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழுந்த புல்லை மிதித்தால் என்ன ஓசை எழும் என்பதெல்லாம் சமவெளிக் கவிஞர் எவருக்கும் கிட்டாத செல்வம். இந்தச் செல்வத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதாகத் தலைப்பு இருக்க வேண்டும்: ‘பேருந்து வராத காலை’, ‘காட்டெருமை நின்ற வழி’, ‘உறைபனிப் புல்’, ‘கற்பூர மரத்தின் வாசம்’, ‘மூன்று நாளாகக் கரண்ட் இல்லை’, ‘மூடுபனிக்குள் யாரோ கூப்பிட்டார்கள்’. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. அதனால் ‘குறிஞ்சி பூக்காத ஆண்டு’ என்ற தலைப்பு மேல்வகுப்புகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும். பூத்ததைப் பற்றி எழுதுவதற்குப் படித்த வரிகள் நினைவுக்கு வரும். பூக்காததைப் பற்றி எழுதுவதற்குச் சொந்தமாக யோசித்தே தீர வேண்டும்.

ஒரு தலைப்பு நல்லதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் ஏதாவதொரு கவிதையை இரண்டு சொல் மாற்றி அந்தத் தலைப்பின் கீழ் எழுதிவிட முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் தலைப்பைத் தள்ளிவிடுங்கள். ‘தாய்மை’, ‘நட்பு’, ‘தன்னம்பிக்கை’, ‘தமிழின் பெருமை’ நான்கும் இந்தச் சோதனையில் தோற்கும். அடுத்ததாக, அமைப்புக் குழுவில் உள்ள பெரியவர்கள் மூவர் அதே தலைப்பில் அதே நேர அளவுக்குள் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலர் நழுவுவார்கள். ஆனாலும் வற்புறுத்த வேண்டும். தாங்கள் எழுத முடியாத தலைப்பை எட்டாம் வகுப்புக்குக் கொடுக்கக்கூடாது என்பது அப்போதுதான் அவர்களுக்கும் விளங்கும்.

முழக்கத் தலைப்புகளையும் தவிர்க்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டம் இது என்பதால், இங்குள்ள பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிளாஸ்டிக் ஒழிப்பு வாசகங்களை எழுதி எழுதித் தேர்ந்திருக்கிறார்கள்; அதே தலைப்பைக் கவிதைக்கும் கொடுத்தால் பேரணிப் பதாகைதான் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பதிலாக, கரடி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்த இரவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை தானாகவே பிளாஸ்டிக்கிடம் வந்து சேரும்.

இன்னொன்றில் கவனம் வேண்டும். ‘என் அம்மா’, ‘என் வீடு’, ‘அப்பாவின் உழைப்பு’ போன்றவை பாதிப் பிள்ளைகளுக்கு எளிதாகவும் சில பிள்ளைகளுக்கு வலியாகவும் இருக்கும். அம்மாவை இழந்த பிள்ளையும் விடுதியில் வளரும் பிள்ளையும் அந்தத் தாளின் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று தலைப்புகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதற்கு ஓரளவு தீர்வு. மூன்றில் ஒன்றாவது வீட்டையும் பெற்றோரையும் தொடாததாக, வெளியே கண்ணால் கண்டதைப் பற்றியதாக இருக்கட்டும்.

முன் பயிற்சி

போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு பாடவேளை கிடைத்தால் போதும். கவிதை என்றால் என்ன என்று விளக்கப் புகுந்தால் அந்த இரண்டும் அதிலேயே போய்விடும். அதற்குப் பதிலாக, பெயர் சொல்ல வையுங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயரை அடுக்குகிறார். 261 அடிப் பாட்டில் முப்பது அடிக்கு மேல் வெறும் பூப்பெயர்கள்தான், அதுவே இசையாக ஓடுகிறது. மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சியில் வாழும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. வீட்டிலிருந்து பள்ளிவரை வழியில் காண்பவற்றின் பெயர்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள்: சீகை மரம், கற்பூர மரம், சில்வர் ஓக், தவிட்டுப்பழம், விக்கிப்பழம், உடைந்த பாலம், பெயர்ப்பலகை இல்லாத கடை. ‘மரம்’ என்று எழுதினால் எந்த மரம் என்று கேளுங்கள். ‘பறவை’ என்று எழுதினால் எந்தப் பறவை, பெயர் தெரியாவிட்டால் அது எப்படிக் கத்தும் என்று கேளுங்கள். இரண்டாவது பாடவேளையில் அந்தப் பட்டியலிலிருந்து ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வரி எழுத வையுங்கள். ‘அழகு’, ‘இனிமை’, ‘அற்புதம்’ ஆகிய மூன்று சொற்களை அந்தப் பாடவேளைக்கு மட்டும் விலக்கி வைக்கச் சொன்னால் பலன் உடனே தெரியும்.

எந்தத் தமிழ்?

நீலகிரி வகுப்பறையில் வீட்டு மொழி பலவாக இருக்கும். படுகர்களின் மொழியான படுகு பேசும் பிள்ளை, தோடர், கோத்தர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள், கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் பிள்ளை, 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அண்மைக் காலத்தில் வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரிடமும் பாடநூல் நடையில் பிழையற்ற தமிழ்க் கவிதை கேட்டால், பரிசு எப்போதும் ஒரே வகை வீடுகளுக்குத்தான் போகும்.

எனவே விதிமுறைத் தாளில் தெளிவாக எழுதிவிடுங்கள்: பேச்சு வழக்கில் எழுதலாம்; வீட்டு மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதலாம், பொருளைத் தாளின் ஓரத்தில் ஒரு வரியில் குறித்தால் போதும்; அதற்காக மதிப்பெண் குறையாது. ‘ஹட்டி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கிராமம்’ என்றும், தோடர் ஊரை ‘மந்து’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குடியிருப்பு’ என்றும் பிள்ளைகள் மாற்றி எழுதுவது, தவறாகிவிடுமோ என்ற அச்சத்தால்தான். அச்சத்தை விதியே நீக்கிவிட வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரை எழுத்துப் போட்டியே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியரோ தன்னார்வலரோ அப்படியே எழுதிக்கொள்ளட்டும், ஒரு சொல்லையும் திருத்தாமல். அவற்றுக்கு முதல், இரண்டாம் பரிசு என்று தரவரிசை வைக்காமல் எல்லாவற்றையும் போட்டிக்குப் பின் அச்சிடும் தொகுப்பில் சேர்த்துவிடலாம். மற்றவர்களை 6–8, 9–10, 11–12 என்று மூன்று பிரிவாக்கினால் போதும்.

எழுதும் நேரம் ஒன்றரை மணி நேரமாக இருக்கட்டும். முதல் இருபது நிமிடம் தனித் தாளில் குறிப்பெடுக்க மட்டும் என்று வைத்து, அந்தக் குறிப்புத் தாளையும் கவிதையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எதிலிருந்து தொடங்கி எங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது நடுவர்களுக்கு அதில் தெரியும். வரி வரம்பு இருபதுக்கு மேல் வேண்டாம். கீழ் வரம்பு தேவையில்லை, மூன்று வரியில் முடித்தாலும் அது முடிந்ததுதான்.

மரபுக்கவிதைக்கு இடம்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், சீர்களை அசைகளாகப் பிரித்து அலகிட்டு வாய்பாடு கூறும் பயிற்சி இருக்கிறது. ஆனால் அது தேர்வில் ஒரு சிறு வினாவோடு நின்றுவிடுகிறது. 9ஆம் வகுப்புக்கு மேல் விருப்பப் பிரிவாகக் குறள் வெண்பா ஒன்றை வைத்தால், அதுவரை கணக்காகப் படித்த யாப்பு பிள்ளையின் கைக்கு வந்துவிடும். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. மாச்சீருக்குப் பின் நிரையசையும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரசையும் தொடங்க வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். அவ்வளவுதான் விதி. விளக்கத்துக்காக இங்கே ஒன்று:

பனியுறைந்த புல்வெளியில் பாதம் பதித்தேன்
இனியெனக்குச் சூரியன் நட்பு.

‘பனியுறைந்த’ என்பது கருவிளங்காய். அடுத்த சீர் ‘புல்’ என்ற நேரசையில் தொடங்குகிறது. ‘பாதம்’ தேமா; அடுத்து ‘பதித்’ என்ற நிரை வருகிறது. ‘சூரியன்’ கூவிளம், அடுத்து ‘நட்’ என்ற நேர். ‘நட்பு’ காசு என்னும் வாய்பாட்டில் முடிகிறது. ‘பனி’, ‘இனி’ என்பதில் எதுகையும், ‘பனி’, ‘பாதம்’ என்பதில் மோனையும் அமைந்திருக்கின்றன. இப்படிக் கரும்பலகையில் ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டினால் வகுப்பில் நான்கைந்து பேராவது முயல்வார்கள். புதுக்கவிதையையும் வெண்பாவையும் ஒரே தட்டில் நிறுத்து மதிப்பிடக்கூடாது. வெண்பாவுக்கு வந்தவை மிகக் குறைவாக இருந்தாலும் அவற்றைத் தனியாகவே படிக்க வேண்டும். யாப்பு பிசகாமல் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் உயிரில்லாத ஒன்றுக்குப் பரிசு கொடுப்பதும், நல்ல உவமை இருக்கிறது என்பதற்காகத் தளை தட்டியதை, அதாவது சீரும் சீரும் சேரும் விதி பிசகியதை, வெண்பா என்று ஏற்பதும் இரண்டுமே கூடாது.

படித்துத் தேர்ந்தெடுத்தல்

இருநூறு தாள் வந்தால், ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் ஒரு நடுவருக்குப் பத்து மணி நேர வேலை. இதை முன்பே சொல்லாமல் அழைத்தால், பாதிக்கு மேல் கண் மட்டுமே ஓடும். மூன்று நடுவர்களை அழையுங்கள். பத்து மணி நேரத்தை நான்கு அமர்வாகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொகை சிறியதானாலும் மதிப்பூதியம் கொடுங்கள். மூவரில் ஒருவராவது படுகு மொழியும் தேயிலைத் தோட்டத்து வழக்கும் அறிந்தவராக இருக்க வேண்டும். போட்டியில் கலந்துகொள்ளும் பள்ளியின் ஆசிரியர் எவரும் அந்தப் பள்ளி இருக்கும் பிரிவுக்கு நடுவராக இருக்கக்கூடாது.

தாளில் பெயரும் பள்ளியும் தெரியக்கூடாது. எண் மட்டும் இருக்க வேண்டும். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் நடுவர்களைக் காணாத ஒருவரிடம் இருக்கட்டும். கையெழுத்து என்பது நாம் எண்ணுவதைவிடப் பெரிய நடுவர். அழகாக எழுதியதைப் படிக்கும்போதே பாதி மனம் இளகிவிடுகிறது. முடிந்தால் எல்லாவற்றையும், எழுத்துப்பிழை உட்பட அப்படியே, தட்டச்சு செய்து கொடுங்கள். முடியாவிட்டால் இறுதிச் சுற்றுக்கு வந்த முப்பதையாவது தட்டச்சு செய்யுங்கள்.

மதிப்பெண் பங்கீட்டில் சொந்தப் பார்வைக்குப் பாதி இடம் கொடுக்க வேண்டும் என்பேன். ஐம்பதுக்கு என்றால் இருபத்தைந்து அதற்கு. சொல்லாட்சிக்குப் பத்து, ஓசைக்குப் பத்து, தொடங்கி முடித்த ஒழுங்குக்கு ஐந்து. ர–ற, ல–ள–ழ, ந–ண–ன மயக்கங்களுக்கும் ஒற்று விடுபட்டதற்கும் 6–8 பிரிவில் எதையும் குறைக்க வேண்டாம். மேல்பிரிவுகளில் பொருள் மாறும் அளவுக்குப் பிழை இருந்தால் மட்டும் சொல்லாட்சியில் ஓரிரண்டு குறையலாம். ‘பச்சைக் கம்பளம்’ வந்தாலே கவிதையைத் தள்ள வேண்டியதில்லை. அதற்கு அடுத்த வரியில் சொந்தமாக ஏதோ இருக்கக்கூடும். ஒரே ஒரு வரி மட்டும் விழித்திருக்கும் தாள்களை, எல்லா வரியும் சீராகத் தூங்கும் தாள்களுக்கு மேலே வையுங்கள். வளர்ந்தவர்களின் போட்டியில் இந்த விதி செல்லாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் சரி.

மூவரும் தனித்தனியே படித்து மதிப்பெண் இட்ட பிறகுதான் சந்திக்க வேண்டும். ஒரே தாளுக்கு ஒருவர் நாற்பதும் இன்னொருவர் இருபதும் கொடுத்திருந்தால் சராசரி எடுக்காமல், அந்தக் கவிதையை உரக்கப் படியுங்கள். பெரும்பாலும் அத்தகைய தாள்களில்தான் ஏதோ நடந்திருக்கும். சராசரி அதை நடுவில் புதைத்துவிடும். முதலில் படித்த இருபது தாள்களைக் கடைசியில் மறுபடி படிப்பதும் அவசியம், ஏனெனில் அளவுகோல் படிக்கப் படிக்க மாறிவிடுகிறது. மூத்த நடுவர் முதலில் கருத்துச் சொன்னால் மற்ற இருவரும் தலையாட்டிவிடுவது நம் வழக்கமாதலால், இளையவரை முதலில் பேசவிடுங்கள்.

ஏதாவதொரு தாள் வேறெங்கோ படித்ததுபோல் தோன்றினால் குறிப்புத் தாளைப் பாருங்கள். அப்படியும் தெளியாவிட்டால், பரிசுப் பட்டியலில் வைக்காமல் அமைதியாக விட்டுவிடுங்கள். பிள்ளையையோ பள்ளியையோ அழைத்து விசாரிப்பதால் யாருக்கும் நன்மையில்லை.

பரிசு பெறாத ஒவ்வொரு தாளுக்கும் நடுவர் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுப்பது கடினமான வேலைதான். ஆயினும் இதைக் கைவிடாதீர்கள். ‘நன்று, தொடர்ந்து எழுதுக’ என்பது கணக்கில் வராது. ‘ஐந்தாம் வரியில் வரும் நனைந்த சாக்கு எனக்குக் கண்ணில் நின்றது’ என்று குறிப்பாக எழுதினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்.

பணமும் உரிமையும்

நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ‘உலக சாதனை’ச் சான்றிதழும் பதக்கமும் தரும் கவிதை நிகழ்வுகளும், தொகுப்பில் பிள்ளையின் கவிதை வர வேண்டுமானால் பெற்றோர் ஐந்து பிரதி வாங்க வேண்டும் என்று கேட்கும் வெளியீடுகளும் இப்போது பெருகிவிட்டன. இவற்றிலிருந்து பள்ளிகளை எச்சரிப்பதும் உங்கள் வேலைதான்.

‘அனுப்பப்படும் படைப்புகளின் உரிமை அமைப்பாளருக்கே’ என்று பழைய துண்டறிக்கைகளிலிருந்து அப்படியே எடுத்து அச்சிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி கவிதையின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர்; அவர் ஏழாம் வகுப்பில் படிப்பதால் அது மாறிவிடாது. தொகுப்பில் ஒருமுறை அச்சிடுவதற்கு மட்டும் பெற்றோரிடம் எழுத்து மூலம் இசைவு வாங்குங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு ஆகியவற்றுக்கு மேல் எதையும் வெளியிட வேண்டாம். வீட்டு முகவரி, கைப்பேசி எண், பெற்றோரின் வருமானம், ‘ஏழைத் தொழிலாளியின் மகள்’ போன்ற அடைமொழி எதுவும் அச்சில் வரக்கூடாது.

பரிசாகப் புத்தகங்களே நல்லவை. கோப்பையை வைக்க இடமில்லாத லைன் வீட்டில் புத்தகத்துக்கு இடம் இருக்கும். ஒரே புத்தகத்தின் முப்பது பிரதிகளை மொத்தமாக வாங்கிக் கொடுக்காமல், வெவ்வேறு நூல்களை மேசையில் பரப்பி, பரிசு பெற்றவர்களே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அவர்கள் எடுக்கும் விதமே ஒரு நல்ல காட்சி. பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் ஒதுக்கிய தொகையை நகலெடுத்த சிறு தொகுப்புக்கு மாற்றுங்கள்: முப்பத்திரண்டு பக்கம், பின் அடித்தது, கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் கிளை நூலகத்துக்கும் இரண்டு.

பரிசளிப்பு ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள் தங்கள் கவிதையைப் படிப்பதற்கே ஒதுக்கப்பட வேண்டும்; வாழ்த்துரைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம், அவையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிகழ்ச்சியைப் பகல் இரண்டு மணிக்குள் முடித்தால்தான் பந்தலூர்ப் பிள்ளை இருட்டுவதற்குள் வீடு சேரும். முடிந்தால் குன்னூரில் ஒன்று, கூடலூரில் ஒன்று என்று இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள்.

அடுத்து எங்கே அனுப்புவது

நன்றாக எழுதும் பிள்ளைகளுக்கு உங்கள் போட்டியோடு கதவு மூடிவிடக் கூடாது. தமிழ் வளர்ச்சித் துறை 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்தி, முதல் மூன்று இடங்களுக்கு முறையே 10,000, 7,000, 5,000 ரூபாய் வழங்கி வருகிறது. பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா அரசுப் பள்ளிகளுக்கு இருக்கிறது. அதே துறை 6 முதல் 9 வரை உள்ள வகுப்புகளுக்காக வெளியிடும் ‘தேன்சிட்டு’ இதழுக்கு மாணவர்களின் படைப்புகளை ஆசிரியர் வழியாக அனுப்பலாம். இந்த அறிவிப்புகள் பள்ளிக்கு வந்து சேர்ந்தும் அறிவிப்புப் பலகையை எட்டாமல் போவதுண்டு. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரை இதற்கென்று பொறுப்பேற்கச் சொல்லி, உங்கள் போட்டியில் முன்னணியில் வந்த பிள்ளைகளின் பட்டியலை அவரிடம் கொடுத்துவையுங்கள்.

கவிதைத் தாள்களைக் கட்டி அலமாரியில் போட்டுவிடாமல், நடுவர் எழுதிய வரியோடும் குறிப்புத் தாளோடும் சேர்த்து, கோடை விடுமுறை தொடங்கும் முன்பே அந்தந்தப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். 12ஆம் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களை மட்டும் பொதுத்தேர்வுக்கு முன்பே அனுப்புங்கள், ஏனெனில் தேர்வு முடிந்ததும் அவர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விடுவார்கள்.